அந்தப் படத்தில் என்னெல்லாம் தெரிந்தது

இன்று காலை கம்ப்யூட்டர் அறையைத் திறந்ததும் யூ.பி.எஸ். சூடாகும் அந்தக் கருகல் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே நீ நிற்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். "ஏட்டி, மூக்கைப் பிடிக்காத. இது சாகுறதுக்குள்ள நாலு பாடம் நடத்திருவோம்" என்பாய். அது இன்னும் சாகவில்லை. காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுப் போன நீதான் திரும்பி வரவில்லை.

உன் ஒன்பதாம் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். தமிழ் டீச்சரான எனக்கு மவுஸ் பிடிக்கவே நீதான் சொல்லித் தந்தாய். எனக்கு இப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோமதியின் படிப்பு நிற்கப்போகிறது.

நம் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி. நான் சொல்வது உன் கோமதியை, கண் தெரியாதவளை. அவள் வந்து சேர்ந்ததும் நீ வகுப்பின் பழக்கத்தையே மாற்றினாய். ஸ்மார்ட் போர்டில் எது வந்தாலும் யாராவது எழுந்து அதை வாயால் சொல்ல வேண்டும். அவளுடைய போனில் பாடங்களை வாசித்துக் காட்டும் வசதியைப் போட்டுக் கொடுத்தாய். வகுப்புக் குரூப்பில் படம் போடும் எவரும், முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் "இதுல என்னெல்லாம் தெரியுது?" என்று கேட்க வேண்டும் என்றாய். "கண்ணு தெரிஞ்ச எங்களுக்கு எதுக்கு டீச்சர்?" என்று பிள்ளைகள் முணுமுணுத்தபோது, "அவ மட்டும் கேட்டா அவ தனியாப் போயிருவா. அதோட ஒங்களுக்கும் பாதி கண்ணுதான் தெரியும்" என்றாய். மறுநாளே ஒருத்தியின் வீட்டுப்பாடப் படத்துக்குப் பின்னால் அவளுடைய அப்பா துண்டோடு நிற்பதைப் பக்கத்துப் பிள்ளை சொல்ல, வகுப்பே சிரித்தது. அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் கோமதி.

போன வாரம், தான் சொல்லச் சொல்ல அக்கா எழுதிக் கொடுத்த கணக்கு நோட்டை அவள் வீட்டிலிருந்து படம் எடுத்துக் குரூப்பில் அனுப்பினாள். கேட்காமல் அனுப்பவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் போனை நீட்டி, "நோட்டு தெரியுதாம்மா?" என்று கத்திக் கேட்டிருக்கிறாள். அம்மா நோட்டை மட்டும் பார்த்துவிட்டு, "நல்லாத் தெரியுதுட்டி" என்றுவிட்டார். நோட்டுக்குப் பின்னால் அவள் அக்கா நைட்டியில், ஈரத் தலையை உலர்த்திக்கொண்டு நின்றது அம்மாவின் கண்ணில் படவில்லை. வகுப்பிலேயே ஒருவன் அதை மட்டும் வெட்டி எடுத்து, கேலியாக இரண்டு வரி எழுதி ஸ்டேட்டஸில் போட்டான். வாசுதேவநல்லூரிலிருந்து வந்து அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வரைக்கும் அது போய்விட்டது.

பள்ளியில் அவனைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னோம், மன்னிப்புக் கேட்க வைத்தோம். அவன் நாள் தவறாமல் வருகிறான். கோமதி வரவில்லை.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா எனக்காகத் தறியை நிறுத்தினார். "கண்ணு தெரியாத பிள்ளைக்குப் போனு எதுக்கு டீச்சர்? மாப்பிள்ளை வீட்டுக்காரவ பேச்சையே காணோம். போனைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். இவ படிச்சது போதும்" என்றார். அதுதான் அவளுக்குப் புத்தகம் என்றேன். இனி கூடுதல் கவனமாக இருப்போம் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. நீயாக இருந்தால் அவரைச் சிரிக்க வைத்தாவது சாவியை வாங்கியிருப்பாய். நான் அழுதுவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அக்காக்காரிதான் வந்தாள். "போனை அவகிட்ட குடுங்கப்பா. வெட்டி எடுத்தவன் போனை எவனும் பூட்டி வைக்கலையே" என்றாள். அவர் எழுந்து போய்த் தறியை ஓடவிட்டார். சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கோமதி சுவரைப் பிடித்தபடி என் பின்னாலேயே வந்தாள்.

"டீச்சர், அந்தப் படத்துல அக்கா எப்படி இருந்தா? எல்லாரும் பாத்திருக்காவ. எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்காவ."

சொன்னேன். நீல நைட்டி, தோளில் துண்டு, ஒரு பக்கமாகச் சாய்த்த தலை, விரித்துப் போட்ட முடி, யாரையோ பார்த்துப் பாதிச் சிரிப்பு. ஒன்றையும் விடவில்லை.

"அவ்வளவுதானா டீச்சர்?" என்றாள். "அப்ப இதுல எங்க அக்கா செஞ்ச தப்பு என்ன? நான் செஞ்ச தப்பு என்ன?"

அவள் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். இன்று வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டேன். படத்தை வெட்டியவன் மூன்றாவது பெஞ்சில் தலை குனிந்துகொண்டான். அவள் கேட்டதை அவனிடம்தான் கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. நாளைக்கு எல்லோர் முன்னாலும் கேட்கப்போகிறேன். நீ இருந்திருக்கலாம்.