கழுவிப்போன கோடு

ஜூன் 3
அப்பனே, இன்னைக்கும் இருபத்திரெண்டு பெட்டி கழுவியாச்சு. தங்கம் தேடி மெஷின் பூமிக்குள்ள துளை போட்டு உருவி எடுக்கற கல்லு, உருட்டுக்கட்டை கணக்கா நீளநீளமா வருது. சேறு போகக் கழுவி, வந்த வரிசையிலயே பெட்டியில அடுக்கணும். இங்க கல்லு ஆராயற அண்ணன் மகதான் இந்த வேலைய வாங்கிக் குடுத்தா. நான் தேய்ச்சா கல்லுல மூஞ்சி தெரியுமாம், மெஷின் ஓட்டற மீசை சொல்றான். கண்ணு வெக்காதடான்னேன்.

ஜூன் 6
"தங்கம் எப்படிடி கல்லுக்குள்ள போச்சு? சாமி வெச்சதா?"ன்னு அண்ணன் மககிட்ட கேட்டேன்.

"சாமிதான் அத்தை, ஆனா வெக்கற விதம் இருக்கு. ஈரத்துணிய முறுக்கினா தண்ணி வருதுல்ல? பூமி பாறையை அப்படி மடிச்சு நசுக்குது. ஆழத்துல இருக்கற சுடுதண்ணி தங்கத்தைக் கரைச்சுக்கிட்டு வழி தேடும். பாறை சட்னு வெடிச்சா அந்தப் பிளவுக்குள்ள பாயும். அழுத்தம் குறைஞ்சதும் கொண்டு வந்ததை அங்கயே போட்டுடும். வெள்ளைக்கல்லா உறைஞ்சு பிளவு மூடிக்கும். மறுபடி அழுத்தம் ஏறும், மறுபடி வெடிக்கும்."

"எத்தனை தடவை?"

"வெள்ளைக்கல்லுல வரிவரியா இருக்கே, எண்ணிப் பாருங்க."

மெய் சிலிர்த்துப் போச்சு. இவ்வளவு நசுங்கினாத்தான் தங்கமா! என் மாமியார்கிட்ட நான் பட்ட பாட்டுக்கு எனக்குள்ள ஒரு சுரங்கமே இருக்கணும்.

ஜூன் 11
பன்னெண்டாவது துளையும் வெறும் கல்லு. மேனேஜர் நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போனார் — இன்னும் ஒரே துளை, இல்லைன்னா எல்லாரும் மூட்டை கட்டுங்க. அண்ணன் மக சாப்பிடல. "ஒன்பதாவதுல நல்ல வெள்ளைக்கல்லு வந்துச்சே அத்தை. அது பூமிக்குள்ள சாயற பக்கம் பாத்துத்தானே அடுத்தடுத்துப் போட்டேன்?"

ஜூன் 12
சாயற பக்கம் எப்படித் தெரியும்னு சும்மா கேட்டேன். கல்லு வெளிய வந்ததும் மீசை சிவப்புப் பென்சில்ல ஒரு கோடு இழுக்கறான்ல, சாய்வா போற துளைக்குள்ள கிடந்தப்ப அதான் அடிப்பக்கமாம். கணக்கெல்லாம் அதை வெச்சுத்தானாம்.

ஐயோ.

ஒன்பதாவதுல அந்தக் கோட்டை அழுக்குன்னு நெனச்சு தேய்ச்சு எடுத்தவ நான்தான். மத்த கல்லுல இருக்கே, இதுல இல்லையேன்னு அப்புறம் நானே ஒண்ணு இழுத்து விட்டேன் — பாக்க லட்சணமா இருந்த பக்கத்துல.

ஜூன் 13
மூணு தடவை அவ ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன். சொன்னா என் வேலை போகும். சொல்லலைன்னா அவ வேலை போகும். இதுல என்னடி யோசனை உனக்கு? சாமி படத்தை ஏறெடுத்துப் பாக்க முடியல. அங்க மீசை கடைசித் துளைக்கு இடம் குறிச்சுக் கம்பு நட்டுட்டான்.

சொல்லிட்டேன்.

மேஜையில விரிச்சிருந்த வரைபடத்தைச் சுருட்டி வெச்சா. அப்புறம், "நீங்க கல்லைக் கழுவல அத்தை, மலையையே திருப்பிப் போட்டுட்டீங்க"ன்னா. அழுதேன். "அழுதது போதும், பெட்டியத் தூக்குங்க."

நசுங்கின பாறை ஏடு ஏடா இருக்கும். இந்த மலையில ஏடெல்லாம் ஒரே திசையிலதான் சாயுமாம். அதுக்குத் தோதா அந்த ஒன்பதாவது துளைக் கல்லை உருட்டி உருட்டி வெச்சுப் பாத்தா. வெள்ளைக்கல்லு நேர் எதிர்ப்பக்கம் சாயுது! மீசை கம்பைப் புடுங்கி எதிர்ப்பக்கம் நட்டான். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல, நல்ல புள்ள.

ஜூன் 19
கழுவ விடறா. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே.

ஜூன் 27
லாரி வந்து முன்னூறு காலிப் பெட்டி எறக்கிட்டுப் போச்சு. நான் எங்க அடுக்குவேன்? மேனேஜர்கிட்ட கேட்டா, "இன்னும் இருபது துளை இருக்கும்மா, ஷெட்டைப் பெருசாக்கறோம்"ங்கறார். இடுப்புக்குத் தைலம் வாங்கணும்.