வேண்டுமென்றே ஒரு பிழை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

தண்ணீர் மோட்டாருக்குக் கையேடு எழுதுகிறேன் அல்லவா, அந்த மோட்டாரை வடிவமைத்த இன்ஜினீயர் ஓர் உம்மணாமூஞ்சி. என்ன கேட்டாலும், "எல்லாம் படத்துலயே இருக்கும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன வாரம், குழாயில் தண்ணீர் ஊற்றாமலே மோட்டாரைப் போடலாம் என்று தவறாக எழுதிவிட்டேன். மனுஷன் பதறியடித்து ஓடிவந்தார். "யாரும்மா இப்படி எழுதினது? மோட்டார் புகைஞ்சு போயிடும்!" என்று கத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் விளக்கினார். அடுத்த பகுதியில் வேண்டுமென்றே ஒரு பிழை விட்டேன். கண்டுபிடித்துச் சிரித்துவிட்டார். "இனிமே தப்பு விடாதம்மா. டீ குடிக்கிறப்போ கேளு, சொல்றேன்" என்றார். இப்போது தினமும் சேர்ந்துதான் டீ.

மாலையில் அறைக்கு வந்தால்தான் பேச ஆளில்லை. நான் இந்த வேலைக்கென்று ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அப்பாவும் பேசுவதில்லை. நலமா என்று கேட்டால் போனை உன்னிடமே நீட்டிவிடுகிறார்.

அதனால் இந்த வரியை மட்டும் அவர் காதில் விழும்படி சத்தமாகப் படி: "இஸ்திரிப் பெட்டி ஒயர் பிய்ந்துவிட்டது. காகிதத்தைச் சுற்றி ஒட்டித்தான் தேய்க்கிறேன்."

ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லிவிடாதே அம்மா. திட்டுவதற்காவது கூப்பிடட்டும்.

அன்புடன்,
உன் மகள்