செல்வியின் வாசலில் வாடாமல்லி வளையம்

என் அன்புச் சரசுவுக்கு,

உன் மகள் வீட்டுச் செய்தி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீ இருந்திருந்தால் நான் எழுத வேண்டியிராது; தெருவில் நின்று நீயே கத்தித் தீர்த்திருப்பாய்.

செல்வியின் கணவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்துபோனார். நீ போன பிறகு நடந்தது. ஆலைக்காரர்கள் ஆளுயர மலர் வளையம் அனுப்பினார்கள். அதை வாசலில் இறக்கியபோது உறவினர் அனைவரும் எழுந்து வழிவிட்டார்கள். மரியாதையாம்! ஆளை உயிரோடு அனுப்பியிருக்கக் கூடாதா என்று ஒருவராவது கேட்டாரா?

இப்போது உன் பேத்திக்கு நிச்சயதார்த்தம். செல்வி பூவைத் தொடக் கூடாது, தட்டு மாற்றும்போது எதிரே வரக் கூடாது என்று அவளுடைய நாத்தனார் சட்டம் போட்டாள். பெற்றவளுக்குத் தடை விதிக்க இவர்கள் யார்?

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நீ விதைத்த வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் கொல்லையில் பூத்துக் கிடந்தன. காம்போடு கொய்து நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். பூக்கள் காய்ந்ததும் புளிய விளாரை வட்டமாக வளைத்து, பூவோடும் சணல் நூலோடும் செல்வியிடம் கொடுத்தேன்.

"எனக்கெதுக்குப் பெரியம்மா பூவு? ஊரு பேசும்."

"ஊரு என்னைக்குப் பேசாம இருந்துச்சு? நூலை இழுத்துக் கட்டுடி."

ஒரு கொத்தின் காம்பை அடுத்த கொத்து மறைக்கும்படி அழகாகவே கட்டினாள். வாசற்கதவில் மாட்டினோம். நிச்சயத்தன்று காலை நாத்தனார் வந்தாள்.

"என்ன அத்தை, நல்ல நாளும் அதுவுமா எளவு வீட்டு வளையத்தை மாட்டியிருக்கீக? மாப்பிள்ளை வீட்டாளுக என்ன நெனப்பாக?"

"இதே வாசல்ல ஆலைக்காரன் வச்சா மரியாதை, ஆத்தாக்காரி கட்டுனா எளவா? நல்லாருக்கு உங்க நியாயம்!"

அவள் வளையத்தைக் கழற்றக் கை நீட்டினாள். நான் தடுக்குமுன் செல்வியே குறுக்கே வந்து நின்றாள்.

"கையை எடுங்க மதினி. எம்மகளுக்காக நான் கட்டுனது. தட்டையும் நான்தான் வாங்குவேன். பிடிக்கலைன்னா சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

வாங்கினாள், சரசு. தட்டு கொஞ்சமும் சாயவில்லை. நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பாயசத்தை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தாள்.

என் கோபம் இன்னும் அடங்கவில்லை. பெற்ற மகளின் சீர்த்தட்டைத் தொடுவதற்கு ஒருத்தி இவ்வளவு போராட வேண்டுமா?

முகூர்த்தத்தன்று மணமாலையையும் செல்விதான் எடுத்துக் கொடுப்பாள். தடுக்க வருகிறவர்கள் முதலில் என்னைத் தாண்டட்டும். முழங்கால் எப்படி வலித்தாலும் அன்று நான் உட்காரப் போவதில்லை.

உன் மகளுக்குப் பெரியம்மாவும்
உனக்கு மூத்தவளுமான
அக்கா