நத்தமேட்டுக்குப் போன சிவப்புத் தண்ணீர்

தஞ்சாவூர்,
புரட்டாசி மூன்றாம் சனி

அன்புள்ள அரவிந்தனுக்கு,

குந்தவை எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ரசத்தையும் கஞ்சியையும் உறிஞ்சிக்கொண்டு கிடக்கிறேன். கல்லூரியில் என்னை வாயாடி என்று பெயர் வைத்துக் கூப்பிட்டவன் நீ, சிரித்துக்கொள். பேச முடியாததால் போன் இல்லை. மெயில் போட்டால் கமிட்டி முழுவதற்கும் நகல் வைத்துப் பதில் போடுகிறாய். அதனால்தான் காகிதத்தில், உனக்கு மட்டும்.

டொரொண்டோவில் குளிர் தொடங்கியிருக்கும். உன் மகள் பூமிகாவின் இருமல் நின்றதா? இங்கே குறுவை அறுப்பு முடிந்துவிட்டது. நத்தமேட்டில் மட்டும் பாதி வயல் அறுக்க ஆளில்லாமல் சாய்ந்து கிடக்கிறதாம். ஆண்களில் பாதிப் பேர் ஜெயிலில், மீதிப் பேர் தலைமறைவு.

நம் பொறியாளர் சங்கத்தில் நீரோட்டத்தை ஆராயும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கமிட்டி இந்த வருஷமும் கடமை தவறவில்லை. மாணவர் கட்டுரைப் பரிசு, கோடைப் பயிற்சி வகுப்பு எல்லாம் நடந்தன. ஆண்டறிக்கையின் வரைவும் வந்தது. அதில் வாய்க்கால் ஆய்வுக்கு ஒரே வரி: சட்டம் ஒழுங்குப் பிரச்சினையால் இவ்வருடம் நடைபெறவில்லை. அதைப் படித்ததும் கையிலிருந்த டம்ளரை எறிந்தேன். தலைவர் என்று அதன் கீழே உன் பெயர் இருந்தது.

நடந்ததை நீ ராஜசேகர் சார் சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். ஆய்வுக்கு என்னோடு வந்தவர், பொதுப்பணித் துறையில் காலம் முழுக்க இருந்த மனுஷர், கும்பலைக் கண்டதும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பார்த்ததெல்லாம் கார்க் கண்ணாடியில் தெரிந்த அளவுதான். மீதியை நான் சொல்கிறேன், கேள்.

முதல் நாள் சாயங்காலம் பூங்குளம் மதகில் தகராறு. நத்தமேட்டின் முறைத் தண்ணீரைப் பூங்குளத்துக்காரர்கள் அடைத்துவிட்டார்கள் என்று அந்த ஊர் விவசாயி கலியபெருமாள் தனியாகக் கேட்கப் போயிருக்கிறார். உன்னை வெட்டி வாய்க்காலில் மிதக்க விடுவோம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் கோபித்துக்கொண்டு, வீட்டுக்கும் போகாமல், அதிராம்பட்டினத்தில் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். போன் செத்துக் கிடந்தது. அந்த மிரட்டல் மட்டும் ராத்திரியே நத்தமேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை மதகைத் திறந்து மூடும் லஸ்கர் தியாகராசன் இதை எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

அப்புறம் அவர் மதகைக் கொஞ்சம் திறந்துவிட, நத்தமேட்டுப் பக்கம் ஓடும் தண்ணீரில் உன் சாயத்தை ஊற்றினோம். வருஷா வருஷம் பச்சைதான் ஊற்றுவோம், தண்ணீர் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்க. நத்தமேட்டுப் பிள்ளைகள் பச்சைத் தண்ணீருக்காகக் காத்திருப்பார்கள். இந்த வருஷம் நீ புதுக் கருவி அனுப்பினாய், அதற்குச் சிவப்புதான் தெரியும் என்று சிவப்பையும் அனுப்பினாய். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும் என்று அங்கிருந்தபடியே சாயத்துக்கு அளவும் போட்டுக் கொடுத்தாய். இங்கே முழங்காலுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. குறைக்கலாமா என்று நான் கேட்டேன், குறைத்தால் கடைசிவரை கருவிக்கு எட்டாது என்றாய். சிவப்பு கலையாமல் நத்தமேடு வரை போயிருக்கிறது.

அப்பா வீடு திரும்பாத பிள்ளை ஒருவன் படித்துறையில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறான். அவன் முன்னால் அந்தத் தண்ணீர் வருகிறது. யோசித்துப் பார்.

நத்தமேட்டுக்காரர்கள் கரையோடு ஓடி வந்தார்கள். அரிவாள், மண்வெட்டி, கையில் கிடைத்ததெல்லாம். முன்னால் வந்தவன் கலியபெருமாளின் மகன் ஜெயபால். அழுதுகொண்டே வந்தான், அதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தியாகராசன் குறுக்கே போய் என்னப்பா என்றார். கழுத்தில் ஜெயபாலின் மண்வெட்டியால் ஒரே வெட்டு. ஷட்டர் சாவி கையில் இருந்தபடியே மதகின் மேல் விழுந்தார். விழுந்தவரை இன்னும் இரண்டு பேர் வெட்டினார்கள். மதகடியில் குளித்துக்கொண்டிருந்த பூங்குளத்துப் பரிதி ஈரத்துணியோடு ஓடினான், துரத்திப் பிடித்து அவன் கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

ஜெயபால் என் பக்கம் திரும்பினான். என் இரண்டு கையும் முழங்கைவரை சிவப்பு. நான் சாயம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், மண்வெட்டிக் காம்பு முகத்தில் இறங்கிவிட்டது. பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு கிடந்தேன். வாய்க்காலில் எது சாயம், எது ரத்தம் என்று எனக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கலியபெருமாள் வந்தார், கையில் தங்கை கொடுத்த மீன் பையோடு. அப்பாவைப் பார்த்ததும் ஜெயபால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இப்போது போலீஸ், பழைய தண்ணீர்ப் பகை, கூடிப் பேசித் திட்டமிட்டு வந்த கொலை என்று எழுதுகிறது. தண்ணீர் சிவப்பாக வந்ததென்று ஊரே சொல்கிறது, ஊர்ப் பேச்சை யார் நம்புகிறார்கள்? ஊற்றியது சிவப்புச் சாயம்தான் என்று நான் எழுதிக் கொடுத்தேன். ராஜசேகர் சார் போய், ஊற்றியது வழக்கமான பச்சைதான், குந்தவை அம்மாவுக்குத் தலையில் அடி, குழம்பியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். மீதிச் சாயமும் காரில் அவரோடு போய்விட்டது. சிவப்பை வாங்கி அனுப்பியவன் நீ. இனி நீ சொன்னால்தான் உண்டு.

ஜெயபாலை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கண்ணை மூடினால் நான்தான் மண்வெட்டியை வைத்துக்கொண்டு அவனை அடிக்கிறேன், அடித்து முடிவதே இல்லை. செய்த கொலைக்கு அவன் உள்ளே கிடக்கட்டும். செய்யாத சதிக்குக் கிடக்க வேண்டாம்.

தியாகராசனின் மனைவி கமலாம்பாள் வந்தார். உங்க தண்ணியாலதான் எங்க வீட்டுக்காரரு போனாராங்க என்று கேட்டார். ஆமாம் என்று சிலேட்டில் எழுதினேன். சிலேட்டைப் பிடுங்கித் தரையில் அடித்தார். அடுத்த அடி எனக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சில்லையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, வெட்டுனவனுக்காகக் கேக்கலைங்க, எங்க ஆளு எதுக்குச் செத்தாருன்னு கோர்ட்டுல ஒருத்தராவது சொல்லணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் ஆண்டுக் கூட்டத்துக்கு நீ சென்னை வருகிறாய். உனக்கு இந்த வருஷத்து விருது, சால்வை வாங்கியாகிவிட்டதாம். வாங்கிக்கொள், உன் உழைப்புக்கு அது தகும், கிண்டலாகச் சொல்லவில்லை. அதே வாரம்தான் மாஜிஸ்திரேட் முன்னால் என் வாக்குமூலம். அதற்கு முந்தின நாள் என் வாய்க் கம்பியைக் கழற்றுகிறார்கள்.

நீ பயந்தவன், கெட்டவன் இல்லை. வேலை போகும், பெயர் கெடும் என்று நினைப்பாய். போகலாம், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் ரயில் ஏறித் தஞ்சாவூருக்கு வா. நான் வாயைத் திறந்ததும் அங்கே உன் பெயரைச் சொல்லத்தான் போகிறேன், அரவிந்தா. நீ என் பக்கத்தில் நிற்கும்போது சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

பூமிகாவுக்கு என் அன்பு. உன் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
குந்தவை