மூன்றாவது குழியில் வைத்த செடி

மூன்றாவது குழியையும் தோண்டி வைத்துவிட்டு, அதில் எந்த மரம் என்று சொல்லாமலே போய்விட்ட என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கிழித்து உன் நூல்கள் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிடுவேன். விடிந்தால் இதையெல்லாம் அம்மாவிடமும் ஏழுமலை பெரியப்பாவிடமும் நான் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தடவை யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும். பயமாக இருக்கிறது, அப்பா.

முதலில் உன் கொய்யாவைப் பற்றிச் சொல்கிறேன். நீ போன ஆவணியில் காய்கள் எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தன, நினைவிருக்கிறதா? புரட்டாசி முடிவதற்குள் முதல் பழம் பழுத்துவிட்டது. நீ தேடித் தேடி வாங்கிய வெள்ளைக் கொய்யாதான், நாற்றுக்காரர் ஏமாற்றவில்லை. அம்மா அதை நாலாக அறுத்து உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். "மூணு வருஷம் தண்ணி ஊத்துன மனுஷன். ஒரு துண்டு வாயில போடல" என்றாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். கையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் எறும்பு வந்துவிட்டது.

சீத்தா இன்னும் காய்க்கவில்லை. ஆனால் இலை விட்டு நன்றாக இருக்கிறது.

நம் வீட்டுத் தோட்டத்தில் மட்டும் ஏன் இரண்டே மரம் என்று எத்தனை முறை உன்னிடம் சண்டை போட்டிருப்பேன். மற்றவர்கள் எல்லாம் ஆடி மாதம் வண்டியில் வரும் நாற்றுகளில் பிடித்ததை வாங்குவார்கள். நீ மட்டும் முதலில் பழத்தைத் தேடுவாய். அதைப் பிழிந்து ஒரு முழம் வெள்ளைப் பட்டு நூலில் தேய்ப்பாய். ஒரு நாள் காய விடுவாய். பிறகு பார் சோப்புப் போட்டு மூன்று தடவை அலசுவாய். கறை போனால்தான் அந்த மரம் நம் வீட்டுக்குள் வரலாம். நம் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம்தானே தறியில் ஏற்றுகிற நீள நூலை, பாவை, தெரு முழுக்க விரிக்கிற சந்து. மரத்தில் பழுத்தது பாவில் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் உன் ஒரே கேள்வி.

"பொண்ணுக்கு மாப்புள பாக்கும்போது கூட இவ்ளோ பாக்க மாட்ட போலக்கீது" என்று அம்மா கேட்பாள்.

"மாப்புள சரியில்லன்னா திருப்பி அனுப்பலாம். பாவுல ஏறுன கறைய எங்க திருப்பி அனுப்பறது?" என்பாய்.

அந்த நூல்கள் எல்லாம் உன் டின்னில் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு கட்டி, உன் கோணல் கையெழுத்தில். 'நாவல், போகாது.' 'வாழை, மறுநாள் பழுப்பு.' 'மாதுளை, தோல் மஞ்சள் விடும்.' 'பலா, பிசின், இழை ஒட்டும்.' எலுமிச்சை நூல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் சீட்டில் 'முள்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். கையில் ஒரு கீறல் இருந்தால் பட்டு இழை அதில் மாட்டும் என்று ராத்திரி ராத்திரி கைக்கு எண்ணெய் தடவிக்கொள்கிற ஆள் நீ. முள் மரத்தை எப்படி உள்ளே விடுவாய்?

ஆடியில் மூன்றாவது குழியைத் தோண்டினாய். எருவும் மணலும் கலந்து பக்கத்தில் குவித்து வைத்தாய். என்ன மரம் என்று கேட்டதற்கு, "இரு, இன்னும் காயல" என்றாய். எது காயவில்லை? கொடியில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொன்னாயா?

பிறகு உனக்கு நெஞ்சு வலி வந்தது. அதன் பிறகு அந்தக் குழியைப் பற்றி யாரும் பேசவில்லை.

உன் தறியில் இப்போது அம்மா உட்காருகிறாள். பெரியப்பாதான் பாவும் குறுக்கே ஓட்டுகிற ஊடை நூலும் கொடுக்கிறார். உன் காரியம் முடிந்த அன்றே வந்து, "வேல நான் தரேன். பொண்ணு படிப்ப மட்டும் நிறுத்தாத" என்று அம்மாவிடம் சொன்னார். தறியில் உட்கார்ந்தால் சன்னல் வழியாக நேராக அந்தக் குழிதான் தெரியும். ஐப்பசியில் ஒரு நாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"எதையாச்சும் நட்டு அந்தக் குழிய மூடு. அத்த பாத்துகினே என்னால நெய்ய முடியல."

"இன்னா நடறதும்மா?"

"ஒனக்கு இன்னா புடிக்குதோ அத்த நடு."

என் வகுப்பில் நிவேதா என்று ஒரு பெண். கண்ணமங்கலம் பக்கத்தில் அவளுடைய அப்பா பட்டுப்பூச்சி வளர்க்கிறார். அந்த வாரம்தான் அவள் டிபன் பாக்ஸில் மல்பெரிப் பழம் கொண்டு வந்திருந்தாள். பட்டு நெய்கிற தெருவில் பிறந்து, பட்டுப்பூச்சி தின்கிற செடியை நான் பார்த்ததே இல்லை. பழம் விரல் நுனி அளவு, கறுப்பு, தேன் மாதிரி இருந்தது. குச்சியை ஒடித்து நட்டால் போதும், நாலைந்து மாதத்தில் காய்க்கும் என்றாள்.

நாலைந்து மாதம் என்றதுதான் எனக்குப் பிடித்தது, அப்பா. மூன்று வருஷம் காத்திருக்கிற மரம் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. மூன்று வருஷத்தில் யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? அம்மா இருக்கும்போதே காய்க்க வேண்டும். அவள் வாயில் நானே ஒரு பழத்தைப் போட வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நூலில் தேய்க்கவும் செய்தேன். இரண்டு பழங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, உன்னை மாதிரியே பிழிந்து, காய வைத்தேன். ஊதா ஏறியது. சோப்புப் போட்டதும் ஊதா நீலமாக மாறியது. மூன்று தடவை அலசினேன். நான்காவது தடவையும் அலசினேன். போகவில்லை. சீட்டு எழுதாமல் அந்த நூலைச் சுருட்டி என் ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுவிட்டேன்.

குச்சியை நட்ட அன்று அம்மா கேட்டாள். "நூல்ல தேச்சுப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"ஒட்டலயே?"

"ஒட்டல."

செடி என் தோள் உயரம் வந்துவிட்டது. மாசியிலேயே காய் பிடித்து, இந்தப் பங்குனியில் பழுத்தது. முதல் பழத்தை அம்மா வாயில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். உன் காரியத்துக்குப் பிறகு அவள் ஒன்றை ருசித்துத் தின்று அன்றுதான் பார்த்தேன். சுலோ அக்காவுக்கும் ஒரு கை கொடுத்தேன். பாவுக்குக் கஞ்சி போடுகிற சுலோ அக்காதான், உனக்கு நன்றாகத் தெரியுமே. "இன்னாடி பாப்பா இது, கருப்பு திராட்ச குட்டி போட்ட மாதிரி கீது" என்று சிரித்தாள். "எனுக்கும் ஒரு குச்சி குடு, எங்க வூட்டாண்ட நடறேன்" என்றாள்.

இன்று காலை பெரியப்பா சந்தில் ஒரு சந்தன நிறப் பாவு விரித்திருந்தார். சித்திரையில் கல்யாணமாகப் போகிற ஒரு பெண்ணுக்கான கூறைப்புடவை. நான் வேலியோரம் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மல்பெரியில் இரண்டு மைனாக்கள் தின்றுகொண்டிருந்தன. பிறகு பறந்து போய்ச் சந்துக்கு மேலே போகிற மின்கம்பியில் உட்கார்ந்தன. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. விரட்டக் கை தூக்கினேன். அதற்குள் கருஞ்சிவப்பாய் எச்சம் பாவு மேல் விழுந்துவிட்டது.

பெரியப்பாதான் முதலில் பார்த்தார். கஞ்சி போட்டுக்கொண்டிருந்த சுலோ அக்கா எப்போதும் வெற்றிலை போடுவாள். அதனால் அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை.

"இன்னா சுலோ இது? பாவு மேலயா துப்புவ?"

"நான் எங்கண்ணா துப்புனேன்? காத்தாலேர்ந்து இன்னும் வெத்தலயே போடல."

"நாக்க நீட்டு. செவப்பா கீது பாரு."

"அது நேத்து போட்டது."

பாவின் மறுமுனையைப் பிடித்திருந்த ஆள், "சுலோக்கா தூக்கத்துல கூட மெல்லும்ண்ணா" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெரியப்பா சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுத்தார். கறை நீலமாக மாறியது. "இன்னா கருமம் இது. வெத்தலயில இன்னாத்த போட்டு மெல்லற?"

"சாயப் பட்டறையவா மெல்லறேன்?" என்றாள் சுலோ அக்கா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா கத்தவில்லை. அவர் குரல் இறங்கிவிட்டது. "கல்யாணப் பொடவ. நான் அவங்களுக்கு இன்னா பதில் சொல்லுவேன்? நீ நாளைக்கு வராத. தேசூர்லேர்ந்து ஒரு பொண்ணு வேல கேட்டுகினு கீது. அத்த வரச் சொல்லிக்கறேன்."

நான் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒரு வார்த்தை. மைனா என்று ஒரே வார்த்தை. அதுகூட வரவில்லை, அப்பா. நான் வாயைத் திறந்தால் அம்மாவின் தறிக்குப் பாவு வராதோ என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் இன்று அறிவியல் பரீட்சை. பாதிதான் எழுதினேன்.

சாயங்காலம் சுலோ அக்கா வீட்டுக்கு வந்தாள். கஞ்சிப் பானையை நம் தோட்டத்தில்தானே கவிழ்த்து வைப்பாள், அதை எடுத்துப் போக வந்தாள். அம்மா உள்ளே நெய்துகொண்டிருந்தாள். சுலோ அக்கா பானையைத் தூக்கவில்லை. மல்பெரியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கீழே விழுந்து கிடந்த ஒரு பழத்தைப் பொறுக்கி, விரலில் நசுக்கி, விரலைப் பார்த்தாள்.

"பாப்பா, இதுக்கு மேல ஒரு பழைய பொடவய போத்திடு. மைனா வராது."

"அக்கா, நீங்க ஏன் அவருகிட்ட சொல்லல?"

"எத்த?"

நான் தலையைத் திருப்பி மல்பெரியைப் பார்த்தேன்.

"ஒங்கப்பன் போயி இன்னும் வருஷம் திரும்பல. ஒங்கம்மாவுக்கு அவரு ஒருத்தருதான் வேல குடுக்கறாரு. எனுக்கு ரெண்டு கையி கீது, எங்கனா போயி பொழச்சிக்குவேன்." பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீ போயி படி. அழுதுகினு நிக்காத, ஒங்கம்மா பாக்கப் போறா."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலையிலேயே தெரிந்திருக்கலாம். எல்லோரும் சிரித்தபோதும் தெரிந்திருக்கலாம். நீ இருந்திருந்தால் இந்த இடத்தில் என்ன செய்திருப்பாய்? என்னை அடித்திருப்பாயா? நீ ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்று மட்டும் செய்திருப்பாய் என்று நினைத்தேன். அதை நான் செய்தேன். கடையில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வாங்கி வந்து, தோட்டத்து மூலையில் உட்கார்ந்து மென்றேன். தொண்டை எரிந்தது, காது சூடானது. உன் டின்னில் தேய்க்காமல் சுருட்டி வைத்திருந்த ஒரு புது வெள்ளை நூலை எடுத்து அதன் மேல் துப்பினேன். நன்றாகக் காய்வதற்கு நேரமில்லை. கொஞ்சம் உலர்ந்ததும் சோப்பில் அலசினேன். பழுப்புச் சிவப்பாகவே இருந்தது. எத்தனை தடவை அலசியும் நீலமாகவில்லை.

ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்திருந்ததையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இப்போது இரண்டிலும் சீட்டு கட்டிவிட்டேன். 'வெற்றிலை, பழுப்பு.' 'மல்பெரி, சோப்பில் நீலம், போகாது.' மல்பெரிச் சீட்டில் நட்ட மாதத்தையும் எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன்.

விடிந்ததும் முதலில் அம்மாவை எழுப்புவேன். ஒட்டல என்று சொன்னது பொய் என்று அவளிடம் சொல்ல வேண்டும். பெரியப்பாவை விட அவள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயம். பிறகு கஞ்சி காய்ச்சும் நேரத்துக்குள் இரண்டு நூலையும் எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போவேன். அவர் நம்புவாரா? உன் நூல் சோதனையைக் கேலி செய்தவர்தான். ஆனால் அவரும் நாவல் மரம் வைக்கவில்லை, இல்லையா? அவர் அம்மாவுக்குப் பாவு தர மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்துவிட்டுப் போகலாம் என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். கிடைக்கவில்லை. கிடைக்காமலேதான் போகப் போகிறேன்.

செடியை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. அது என்ன செய்யும், காய்க்கிற செடி காய்த்தது. வேரோடு தோண்டி சுலோ அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அவள் வீடு ஏரிப்பக்கம். அங்கே யாரும் பாவு விரிப்பதில்லை. குச்சிதானே கேட்டாள், செடியையே கொடுக்கிறேன்.

குழி மறுபடியும் காலியாகிவிடும். அம்மா மறுபடியும் சன்னல் வழியாக அதைப் பார்ப்பாள்.

டின்னின் அடியில் ஒரு நூல் இருக்கிறது, அப்பா. அலசிக் காய்ந்து முறுகிய நூல். கறையே இல்லை, மணமும் இல்லை, சீட்டும் இல்லை. அன்று கொடியில் தொங்கியது அதுதான் என்று நினைக்கிறேன். நீ போன பிறகு வீட்டில் யாரோ அதை எடுத்து டின்னில் போட்டிருக்கிறார்கள். அது எந்தப் பழம்? அந்தப் பெயரை மட்டுமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நானே தேடுகிறேன். கிடைக்கிற பழத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்ப்பேன். மூன்று வருஷத்தில் காய்க்கிற மரமானாலும் சரி, அம்மாவும் நானும் காத்திருப்போம். நூலில் என்ன தெரிகிறதோ அதையே சீட்டில் எழுதுவேன். அம்மாவிடமும் அதையே சொல்வேன். அதுவரை அந்தக் குழியை நான் மூட மாட்டேன்.

வெற்றிலை வாசனை இன்னும் வாயில் இருக்கும்
உன் பொண்ணு,
கீர்த்தனா