எந்த மாத்து?

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய முதல் மாணவர் வங்கி ஊழியர். பிரேக்கை மிதிக்கச் சொன்னால் கிளட்சை மிதிக்கிறார். கிளட்சை மிதிக்கச் சொன்னால் என் முகத்தைப் பார்க்கிறார். அவரை ஒருவழியாகக் கரையேற்றிவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குத் திரும்பினால், வண்டியை நிறுத்தியதும் முதலாளி வந்து முன் டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, இது போட்டு ஏழு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள மொட்டையாகப் போகுது. பின்னாடி ரெண்டையும் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு."

"ஓடுற டயர் தேயத்தானே சார் செய்யும்?"

"பிரேக் பிடிச்சா பாரம் முன்னாடிதானே வரும்? உங்க கால் கொஞ்சம் கனம்மா."

பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் மறக்கும்போது மிதிப்பது நான். மிதிக்காமல் விட்டால் இன்று ஒரு பால் வண்டி எங்கள் மடியில் ஏறியிருக்கும். அதையெல்லாம் யாரிடம் சொல்ல?

பூப்பாதம் சிரித்தான். எங்களோடு வேலை செய்யும் இன்னொரு பயிற்சியாளன். டாஷ்போர்டில் டீ வைத்தாலும் தன் வண்டியில் சிந்தாது என்று பீற்றிக்கொள்வதால் அவனுக்கு அந்தப் பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

மார்ச் 5, புதன்

என் கால் கனமாம்.

மார்ச் 8, சனி

சொல்லிவிட்டார். ஏப்ரல் ஒன்றிலிருந்து நான் ஆபீசில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்ப வேண்டுமாம். நான் ஓட்டும் பச்சை வண்டி பூப்பாதத்துக்கு. அவனுடைய பழைய வெள்ளை வண்டியை ஓட்ட வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம்.

"சம்பளம் குறையாதும்மா," என்றார் பெரிய மனதோடு.

சம்பளத்தையா கேட்டேன்? ஒன்பது வருஷம். ஸ்டியரிங்கைப் பிடிக்கவே கை நடுங்கியவர்கள் இன்று தங்கள் வண்டியில் என்னைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஹாரனை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கேட்பது? நான் நல்ல ஓட்டுநர். எனக்குத் தெரியும். ஆனால் டயர் தேய்ந்திருப்பதும் உண்மைதானே — ஒருவேளை என் கால்தானோ?

சீ. இல்லை.

மார்ச் 10, திங்கள்

மதிய இடைவேளையில் டயர்க்கடைக்குப் போனேன். கடை நடத்துவது ஒரு அக்கா. ஜாக்கியை ஒரு கையால் தூக்குகிற அக்கா. டயரின் பள்ளத்தில் சின்ன அளவுகோலை விட்டுப் பார்த்தாள். புது டயரில் எட்டு மில்லிமீட்டர். என் முன் டயரில் மூன்று, பின் டயரில் ஆறரை.

"இது முன் சக்கரம் இழுக்கிற வண்டி. இழுக்கிறது, திரும்புறது, பிரேக்ல பெரும்பங்கு எல்லாம் முன்னாடி ரெண்டும்தான். பின்னாடி ரெண்டும் பஸ்ல தூங்கிட்டு வர்ற மச்சான் மாதிரி. சும்மா கூட வருது. இதுல நீங்க வேற நின்ன இடத்துலயே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பழக்குறீங்க."

"பூப்பாதம் வண்டில மட்டும் ஏன் முன்னாடி தேயல?"

"அது பின்னாடியிருந்து தள்ளுற வண்டி. அதுல வேலையைப் பங்கு போட்டுக்கும்."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த வார்த்தையில் போயும்விட்டது.

"எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதடவை டயர் மாத்துங்கன்னு உங்க முதலாளிகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!"

எட்டாயிரத்துக்கு ஒரு தடவையா! அதற்கு மாட்டு வண்டியே ஓட்டலாமே. இவளும் வியாபாரிதான் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்துவிட்டேன்.

சாயங்காலம் இவரிடம் புலம்பினேன். இவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீட்டிலும் அதே வேலைதான். நான் எழுதும் மளிகைச் சீட்டில்கூட ஒற்றெழுத்து போடுவார். முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்.

"எந்த மாத்து?"

"என்னங்க எந்த மாத்து? மாத்துன்னா மாத்துதான்."

"பல்பு மாத்துறதும் மாத்துறதுதான். நாற்காலி மாத்தி உக்கார்றதும் மாத்துறதுதான். அந்தம்மா எதைச் சொன்னாங்க?"

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இப்படி நான் வாயடைத்து நின்றதில்லை என்று அவரே சொன்னார்.

மார்ச் 11, செவ்வாய்

கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புது டயரா! அட, இடம் மாத்துறதைச் சொன்னேன்!"

தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாள். முன் டயர் இரண்டும் அந்தந்தப் பக்கமே நேராகப் பின்னால் போகும். பின்னால் இருப்பவை குறுக்காக முன்னால் வரும் — இடது வலதுக்கு, வலது இடதுக்கு. அவ்வளவுதான். அரைமணி நேர வேலை. நாலும் முறைவைத்து உழைக்கும், ஒன்றாகத் தேயும். டயரில் அம்புக்குறி இருந்தால் மட்டும் பக்கம் மாறக் கூடாதாம். எங்களுடையதில் அம்பு இல்லை.

இத்தனை நாள் மச்சானைத் தூங்கவிட்டது நாங்கள்தான்.

மார்ச் 13, வியாழன்

பச்சை வண்டியின் சர்வீஸ் நோட்டைக் கேட்டு வாங்கினேன். முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம். வாழ்க!

மூன்று இடத்தில் அவர் கையெழுத்திலேயே: "டயர் மாத்தச் சொல்றாங்க. ஏமாத்தறாங்க. வேண்டாம்."

இன்னொன்று. பதினாலாயிரம், பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை "முன் டயர் ரெண்டும் புதுசு" என்று எழுதியிருக்கிறது. அதில் முதல் இரண்டு முறை இந்த வண்டி என்னிடமே இல்லை. ஓட்டியது யார்?

பூப்பாதம்!

சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். இவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாத்துக்கும் ஏமாத்துக்கும் நடுவுல ஒரே எழுத்துதான்," என்றார். இன்று இவருக்கு எத்தனை ஒற்றெழுத்து வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள அனுமதி.

மார்ச் 15, சனி

நோட்டை விரித்து முதலாளியின் மேஜைமேல் வைத்தேன். பூப்பாதமும் அங்கேயே நின்றான். அக்கா சொன்னது புது டயர் அல்ல, இடமாற்றம்தான் என்று முதலில் விளக்கினேன்.

"என் கால் கனம்னா இவன் காலும் கனம்தான் சார். தேதியைப் பாருங்க."

பூப்பாதம் கூரையைப் பார்த்தான். முதலாளி தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சரி. நாலும் புதுசு போடுவோம். நீங்களே ஓட்டுங்க. எட்டாயிரத்துல இடம் மாத்துவோம். பதினாறாயிரத்துல அளப்போம். நாலும் ஒண்ணா இல்லன்னா?"

"நானே மேஜைக்குப் போயிடறேன் சார். நீங்க சொல்லவே வேண்டாம்."

வாய் முந்திக்கொண்டது. எழுதும்போதுதான் பயம் வருகிறது.

ஜூலை 12, சனி

எட்டாயிரம். அக்கா கடையில் நட்டுகளை நானே கழற்றினேன். ஆறு மாணவர்களையும் கூட்டிப்போயிருந்தேன். வங்கி ஊழியர் கைக்குட்டையை விரித்து அதன்மேல் மண்டியிட்டு நாலாவது சக்கரத்தை மாட்டினார். லைசென்ஸ் வாங்கிவிட்டார், ஆனாலும் வந்தார். கிளட்சும் பிரேக்கும் வேறு வேறு என்று இப்போது அவரே மற்றவர்களுக்கு விளக்குகிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

ஒரு நாய் குறுக்கே ஓடியது. முழுப் பலத்தோடு மிதித்தேன். நாய் பிழைத்தது. மாணவி அழுதாள். நான் இறங்கி முதலில் டயரைத்தான் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

பதிமூவாயிரம். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அளக்கவில்லை. அளக்க மாட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

பதினாறாயிரம். டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், டயர்க்கடை அக்காவும். அக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள்.

"நாலு புள்ளி ரெண்டு. நாலு புள்ளி ரெண்டு. நாலு புள்ளி மூணு. நாலு புள்ளி ரெண்டு."

முதலாளி அளவுகோலைப் பிடுங்கித் தானே ஒருமுறை அளந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டயரைப் பார்த்து அழுத முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். அக்கா கிரீஸ் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். சட்டை போச்சு. போகட்டும்!

பூப்பாதம் மெதுவாக என் பக்கத்தில் வந்தான். "அக்கா, அந்த டீ சமாச்சாரம்... ரெண்டு தடவை சிந்தியிருக்கு."

முதலாளி நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜெயித்த பிறகும் அது ஒன்று உறுத்துகிறது.

நவம்பர் 17, திங்கள்

காலையில் முதலாளி கூப்பிட்டார். "ஏம்மா, மறுபடி எட்டாயிரம் ஆச்சே. டயர் மாத்தணும்ல?"

"எந்த மாத்து சார்?" என்றேன்.

ஒரு நொடி முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "இடம்மா, இடம்."

கடைக்கு எடுத்துப் போக நோட்டைக் கையில் கொடுத்தார். வழியில் சிக்னலில் நின்றபோது திறந்து பார்த்தேன். பழைய பக்கங்களில், மூன்று இடத்திலும், "ஏமாத்தறாங்க. வேண்டாம்" என்பதை ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தார். "மாத்த" என்பதற்கு முன்னால், மேலே சின்னதாக "இடம்" என்று சேர்த்திருந்தார். மூன்றிலும்.

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். சிக்னல் மாறிவிட்டதற்காக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து கையசைத்துவிட்டுப் போனார் வங்கி ஊழியர்.