நாலு பேரோடு போகிற சைக்கிள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்தான்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பந்தயத்துக்குச் சைக்கிள் வாங்கப் போனேன். அதற்கென்றே செய்த டிரையத்லான் சைக்கிளில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டிப் பார்த்தேன். காற்றாய்ப் பறந்தது. திருப்பும்போது விழுந்து உள்ளங்கையில் லேசான சிராய்ப்பு, பயப்படாதீர்கள்.

மருந்து போட்டுக்கொண்டே கடைக்கார அக்கா கேட்டார்: "தனியா ஓட்டுவியா, கூட்டத்தோடயா?"

"ஏன்க்கா?"

"இதுல பிரேக் சட்டுனு கைக்கு எட்டாது. கூட்டமா போறவங்க சேத்துக்க மாட்டாங்க. பந்தயத்துக்கு இதுதான் வேகம். நாலு பேரோட போகணும்னா பிரேக் கைக்குள்ளயே இருக்கிற ரோடு சைக்கிள் எடு."

ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நோயாளிகளோடு பேசுகிறேன். அறைக்கு வந்தால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ரோடு சைக்கிளையே எடுத்தேன். பந்தயத்தில் கடைசியாக வந்தால் வந்துவிட்டுப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டத்தோடு போனேன். முன்னால் போனவர், "பள்ளம் இருக்கு, பாத்து வாம்மா!" என்று கத்தினார். பின்னால் வருகிற எல்லாருக்கும் அப்படிச் சொல்வது வழக்கமாம். எனக்குக் கண்ணில் நீர் முட்டி, அந்தப் பள்ளத்திலேயே சைக்கிளை இறக்கிவிட்டேன். விழவில்லை.

இனி நான் போன் பண்ணும்போது டிவியை நிறுத்தாதீர்கள், அப்பா. வீட்டுச் சத்தம் எல்லாமே கேட்கட்டும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்